அம்மாவின் பிஸ்கட் டப்பாவில் 11 வகை மாத்திரைகள்: எதை, யாரிடம் கேட்பது?

கேள்வி: குடமுருட்டிக்கரை

வணக்கம். என் தாயாருக்கு வயது 78, எடை 48 கிலோ. கும்பகோணத்துக்கு அருகில் ஒரு கிராமத்தில், 83 வயதான என் தந்தையாருடன் வசிக்கிறார். நான் திருச்சியில் ஆசிரியையாகப் பணிபுரிவதால் மாதத்தில் இரண்டு முறைதான் ஊருக்குப் போக முடிகிறது. சென்ற மாதம் ஒரு நாள் விடியற்காலை நான்கு மணிக்குக் கழிப்பறைக்குச் செல்ல எழுந்த அம்மா, கூடத்தைத் தாண்டுவதற்குள் சரிந்து விழுந்துவிட்டார். உடலெல்லாம் வியர்த்துப் பேச்சும் குழறியதால் பக்கவாதமோ என்று அப்பா பயந்துபோனார். பக்கத்து வீட்டுத் தம்பி தன் வீட்டுக் கருவியில் சர்க்கரையைப் பார்த்தபோது 52 என்று காட்டியிருக்கிறது. சர்க்கரைத் தண்ணீர் கொடுத்த சிறிது நேரத்தில் அம்மா தெளிந்துவிட்டார். எலும்பு எதுவும் முறியவில்லை.

நான் ஊருக்குப் போனதும் செய்த முதல் வேலை, அப்பா மாத்திரைகளைப் போட்டு வைத்திருக்கும் பிஸ்கட் டப்பாவைத் தரையில் கவிழ்த்ததுதான். 11 வகை மாத்திரைகள் இருந்தன. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் 500, இரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் 5 ஆகிய இரண்டும் அரசுத் திட்டத்தில் வீட்டுக்கே வருபவை. சர்க்கரை நோய் மருத்துவர் எழுதிய ஒரு கூட்டு மாத்திரை காலையும் இரவும். இதய மருத்துவர் எழுதியவை இரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டானும் ஹைட்ரோகுளோரோதயசைடும் சேர்ந்த ஒன்று, ஆஸ்பிரின் 75, அட்டார்வாஸ்டாட்டின். மூட்டு வலிக்காக எலும்பு மருத்துவர் எழுதியவை அசிக்ளோஃபெனாக்கும் பாரசிட்டமாலும் சேர்ந்த ஒன்று, பிரிகாபலின் 75 இரு வேளை, பான்டோபிரசோல். கால் வீக்கத்துக்கு உள்ளூர் மருத்துவர் கொடுத்தது ஃபுரோசெமைடு. தூக்கத்துக்கு அல்பிரசோலம் 0.25, இதை ஆறு ஆண்டுகளாக ஒரே பழைய சீட்டைக் காட்டி அப்பா வாங்கி வருகிறார்.

அப்பாவுக்கு மருந்தின் பெயர் எதுவும் தெரியாது. "வெள்ளை உருண்டை காலையில, மஞ்சள் நீட்டு ராத்திரியில" என்பதுதான் அவருடைய கணக்கு. கடையில் வேறு நிறுவனத்தின் மாத்திரையைக் கொடுத்தால் நிறம் மாறிவிடுகிறது. புதிது வேறு, பழையது வேறு என்று நினைத்து இரண்டையும் கொடுத்துவிடுகிறார். இப்படி எத்தனை முறை நடந்ததோ தெரியவில்லை.

நான்கு மருத்துவர்களும் அவரவர் துறையில் நல்லவர்கள். ஆனால் ஒவ்வொருவரும் தாம் எழுதிய சீட்டை மட்டுமே பார்க்கிறார்கள். மொத்தத்தையும் பார்த்துச் சொல்ல யாரை அணுக வேண்டும்? கடைசியாக எடுத்த இரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் 1.1, அதற்கு எதிரே 'இயல்பு' என்றுதான் அச்சிட்டிருக்கிறது. நானாக எந்த மாத்திரையையும் நிறுத்த விரும்பவில்லை. நேரில் போகும்போது என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்தால் போதும்.

பதில் 1: மதுரை மருந்தாளுநர்

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். புறநோயாளிகளுக்கு மருந்து வழங்கும் சாளரத்தில் 22 ஆண்டுகள் நின்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் பட்டியலைப் படித்ததும் என் கண் போன இடம் அந்தக் 'கூட்டு மாத்திரை'. அதன் அட்டையின் பின்புறத்தில், பெரிய எழுத்தில் உள்ள வணிகப் பெயருக்குக் கீழே, சிறிய எழுத்தில் உட்பொருள்கள் அச்சிடப்பட்டிருக்கும். அதில் மெட்ஃபார்மின் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இருந்தால், அரசு கொடுக்கும் மெட்ஃபார்மினும் இதுவும் சேர்ந்து அம்மாவுக்கு அதே மருந்து இரண்டு மடங்காகப் போய்க்கொண்டிருக்கிறது. கூடவே இருக்கும் இன்னொரு மருந்து கிளிபென்கிளமைடு என்றால், சர்க்கரை 52க்கு இறங்கியதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். இந்த ஒன்றுக்காக மட்டும் அடுத்த சந்திப்பு வரை காத்திருக்காமல், எழுதிய மருத்துவரை நாளைக்கே தொலைபேசியில் பிடியுங்கள்.

அடுத்தது அப்பாவின் நிறக் கணக்கு. அவரைக் குறை சொல்ல மாட்டேன். எழுத்து கண்ணுக்குத் தெரியாதவருக்கு நிறம்தான் எழுத்து. கோளாறு எங்கள் பக்கத்திலும் இருக்கிறது. பத்து மாத்திரை உள்ள அட்டையில் நான்கு கேட்டால் கத்தரிக்கோலால் வெட்டிக் கொடுக்கிறோம். மருந்தின் பெயர் ஒரு துண்டிலும் காலாவதித் தேதி இன்னொரு துண்டிலும் போய்விடுகின்றன. பெயரில்லாத துண்டு வீட்டுக்கு வந்த பிறகு அது வெறும் 'வெள்ளை உருண்டை'தான். ஆகவே முதியவர்களுக்கு வாங்கும்போது முழு அட்டையாகவே கேளுங்கள். நிறுவனத்தை மாற்றிக் கொடுத்தால், "இது எதற்குப் பதிலாக?" என்று கடையிலேயே கேட்டு, பழைய அட்டையை டப்பாவிலிருந்து எடுத்துவிட வேண்டும். நோயாளிக்கு விளக்கம் சொல்வது மருந்தாளுநரின் கடமை என்று 2015ஆம் ஆண்டின் மருந்தாளுநர் பணி ஒழுங்குமுறையே சொல்கிறது. அதனால் கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

இப்போது தாள். ஒரே ஒரு தாள், கையால் எழுதினால் போதும். மருந்தின் மூலப் பெயர், அளவு, எந்த வேளை, யார் எழுதியது, எப்போது தொடங்கியது, எதற்காக என்ற விவரங்கள் இருக்கட்டும். கடைசியில் சொன்ன 'எதற்காக' என்பதுதான் எல்லாவற்றிலும் பயனுள்ளது. 11 மாத்திரைகளுக்கும் அந்தக் கட்டத்தை நிரப்ப உட்காருங்கள். இரண்டு மூன்று இடங்களில் பேனா நின்றுவிடும். பான்டோபிரசோல் எதற்காக? வலி மாத்திரை வயிற்றைப் புண்ணாக்காமல் இருக்க. அப்படியானால் வலி மாத்திரை நின்ற பிறகும் அது வேண்டுமா? ஆஸ்பிரினும் வயிற்றில் இரத்தக்கசிவை உண்டாக்கக்கூடியது என்பதால் ஒருவேளை வேண்டியிருக்கலாம். ஆனால் கேள்வியாவது எழ வேண்டும். பேனா நின்ற இடங்களே மருத்துவரிடம் நீங்கள் கேட்க வேண்டிய இடங்கள்.

வாராந்திர மாத்திரைப் பெட்டி நல்லதுதான். தேவைப்படும்போது மட்டும் போடும் வலி மாத்திரையை அதில் வைக்காதீர்கள். உங்கள் அம்மாவுக்கு இல்லாவிட்டாலும் இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒன்று: முடக்குவாதத்துக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரு நாள் மட்டுமே போட வேண்டியது. அதைத் தினமும் போட்டு இரத்த அணுக்கள் குறைந்து உயிரிழந்தவர்கள் உலகெங்கும் உண்டு. அந்த அட்டையின் மேல் 'ஞாயிறு மட்டும்' என்று தமிழில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

அல்பிரசோலம் எச்1 அட்டவணையில் உள்ள மருந்து. செல்லுபடியாகும் சீட்டு இல்லாமல் தரக்கூடாது. எழுதிய மருத்துவர், நோயாளி ஆகியோரின் பெயர்களைப் பதிவேட்டில் குறித்து மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். ஆறு ஆண்டுகள் ஒரே சீட்டுக்குக் கொடுத்த கடையைப் பற்றி என் தொழில் சார்ந்து வெட்கப்படுவதைத் தவிர வேறென்ன சொல்ல?

பதில் 2: முதியோர் நல மருத்துவர்

மேலே மருந்தாளுநர் சொன்னதோடு முழுமையாக உடன்படுகிறேன். நேரில் பார்க்காமல் எந்த மருந்தையும் மாற்றச் சொல்ல முடியாது என்பதால், நீங்கள் கேட்க வேண்டியவற்றை மட்டும் விளக்குகிறேன்.

கிரியாட்டினின் 1.1 என்பதன் அருகில் அச்சிட்ட 'இயல்பு' என்ற சொல் உங்களை ஏமாற்றுகிறது. கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது. 78 வயதில் 48 கிலோ எடையுள்ள பெண்ணுக்குத் தசை குறைவு. ஆகவே சிறுநீரகம் மெலிந்திருந்தாலும் எண் உயராது. காக்கிராஃப்ட், கால்ட் ஆகிய இருவர் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறனைக் கணிக்க 1976இல் வெளியிட்ட சூத்திரத்தை இன்றும் மருந்தளவுக்குப் பயன்படுத்துகிறோம். 140இலிருந்து வயதைக் கழித்தால் 62. அதை எடையால் பெருக்கினால் 2976. கிரியாட்டினினை 72ஆல் பெருக்கி வரும் 79.2ஆல் வகுத்தால் ஏறத்தாழ 37.6. பெண் என்பதால் 0.85ஆல் பெருக்க, நிமிடத்துக்கு 32 மில்லி லிட்டர். பிரிகாபலின் ஏறக்குறைய முழுவதும் சிறுநீரகம் வழியாகவே வெளியேறும் மருந்து. இந்தக் கணக்கு 60க்குக் கீழே வந்தாலே வழக்கமான அளவைப் பாதியாக்க வேண்டும். ஒரு நாளைக்கு 150 மில்லி கிராம் என்பது இளைஞருக்குத் தொடக்க அளவு, உங்கள் அம்மாவுக்கு அல்ல. தலைசுற்றல், தள்ளாட்டம், கால் வீக்கம் மூன்றையும் அது உண்டாக்கக்கூடியது.

கால் வீக்கம் என்றதும் இன்னொன்று. அம்லோடிபினும் கணுக்காலை வீங்க வைக்கும் மருந்து. அந்த வீக்கம் உடலில் நீர் கூடியதால் வருவதன்று, நுண்குழாய்களிலிருந்து நீர் கசிவதால் வருவது; ஆகவே நீர்போக்கி (சிறுநீரைக் கூட்டும்) மாத்திரைக்கு அது பெரிதாகக் கட்டுப்படாது. ஆனால் வீக்கத்தைப் புது நோயாக எண்ணி ஃபுரோசெமைடு என்ற நீர்போக்கி கொடுக்கப்படுகிறது. அதனால் இரவில் சிறுநீர் கூடுகிறது, சோடியம் குறைகிறது, நிற்கும்போது இரத்த அழுத்தம் இறங்குகிறது. விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்தவர் விழுகிறார். ஒரு மருந்தின் பக்கவிளைவுக்கு இன்னொரு மருந்து, அதன் விளைவுக்கு மற்றொன்று என்று நீளும் இந்தச் சங்கிலி எங்கள் துறையில் அன்றாடம் பார்ப்பது. உங்கள் அம்மாவுக்கு அது ஓர் ஊகம்தான். இதயச் செயலிழப்பு ஏதும் இல்லை என்று உறுதி செய்த பிறகே அந்த முடிவுக்கு வர வேண்டும். ஆனால் தொடங்கிய தேதிகளைத் தாளில் எழுதினால் சங்கிலி இருந்தால் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

இன்னொரு கூட்டணி: அசிக்ளோஃபெனாக் வகை வலி மாத்திரை, டெல்மிசார்டான், நீர்போக்கி. உங்கள் பட்டியலில் நீர்போக்கி ஒன்றல்ல, இரண்டு. ஹைட்ரோகுளோரோதயசைடு கூட்டு மாத்திரைக்குள் ஒளிந்திருக்கிறது. தனித்தனியே தாங்கக்கூடிய இம்மூன்றும் ஒன்றுசேரும்போது, ஒரு நாள் வயிற்றுப்போக்கு வந்தால்கூடச் சிறுநீரகம் திடீரென்று செயலிழக்கும் ஆபத்து உண்டு. வலிக்குப் பாரசிட்டமால் மட்டும் போதுமா என்று எலும்பு மருத்துவரிடம் கேளுங்கள். சோடியம், பொட்டாசியம், கிரியாட்டினின் ஆகியவற்றை இந்த வாரமே மறுபடி பார்த்துவிடுவது நல்லது.

கிளிபென்கிளமைடு பற்றி மருந்தாளுநர் சொன்னது சரி. அதன் சிதைபொருள்களுக்கும் சர்க்கரையைக் குறைக்கும் ஆற்றல் உண்டு. சிறுநீரகம் மெலிந்தவர்களிடம் அவை தங்கிவிடும். அதனால் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துத் தெளிந்த பிறகும் சில மணி நேரத்தில் மீண்டும் இறங்கலாம். அடுத்த முறை நேர்ந்தால், விழுங்க முடிகிற நிலையில் இருந்தால் மட்டும் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பார்த்து, பிறகு உணவு கொடுத்து, மருத்துவமனைக்கும் அழைத்துச் செல்லுங்கள். முதியவர்களுக்குத் தவிர்க்கத்தக்க மருந்துகளை அமெரிக்க மருத்துவர் மார்க் பியர்ஸ் 1991இல் தொகுக்கத் தொடங்கினார். அந்தப் பட்டியலை அமெரிக்க முதியோர் நல மருத்துவச் சங்கம் இப்போது பேணுகிறது. 2023ஆம் ஆண்டுத் திருத்தத்திலும் கிளிபென்கிளமைடும் அல்பிரசோலம் வகை மருந்துகளும் அதில் இருக்கின்றன. தடைப்பட்டியல் அன்று அது. எழுதுமுன் ஒருமுறை நின்று யோசி என்று மருத்துவருக்குச் சொல்வது.

அல்பிரசோலத்தைத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள். ஆறு ஆண்டுப் பழக்கத்தை வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில், சிறிது சிறிதாகத்தான் இறக்க வேண்டும்; திடீரென்று விட்டால் தூக்கமின்மையும் பதற்றமும் மட்டுமல்ல, வலிப்பும் வரலாம். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றுவதும் தவறு. எதனால் நன்மை, எதனால் தீமை என்று பிறகு தெரியாமல் போகும்.

உலக சுகாதார நிறுவனம் 2017இல் 'தீங்கில்லா மருந்து' என்ற முயற்சியைத் தொடங்கியபோது மூன்று இடங்களில் கவனம் வைக்கச் சொன்னது: பல மருந்துகளை ஒருசேர உண்பது, ஒரு சிகிச்சையிடத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது, ஆபத்து மிகுந்த மருந்தும் சூழலும். மூன்றும் உங்கள் பிஸ்கட் டப்பாவுக்குள் இருக்கின்றன.

பதில் 3: ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்

டாக்டர் ஐயா சொன்னதெல்லாம் சரி. ஆனால் ஆசிரியை அம்மா இதைப் புறநோயாளிப் பிரிவில் போய்க் கேட்கும்போது என்ன நடக்கும் என்று நான் சொல்கிறேன். வரிசையில் எண்பது பேர் நிற்பார்கள். "அந்த மருந்தை அவர் எழுதியிருக்கிறார், நான் எப்படி நிறுத்துவது? அவரிடமே கேளுங்கள்" என்பார்கள். அவரிடம் போனால் இவரிடம் அனுப்புவார். 34 ஆண்டுகள் இந்தப் பந்தாட்டத்தைப் பார்த்தவள் நான்.

ஆகவே நால்வரிடமும் அலையாமல், ஒரு பொது மருத்துவரையோ, பக்கத்தில் முதியோர் நலப் பிரிவு இருந்தால் அங்குள்ளவரையோ தேர்ந்து, அவர்தான் இனி தலைமை என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பாவின் டப்பாவை அப்படியே ஒரு மஞ்சப்பையில் போட்டு, வெட்டின துண்டு, பழைய சிரப், தைலம் உட்பட, எடுத்துப் போய் மேசையில் வையுங்கள். சீட்டைக் காட்டினால் புரட்டிவிட்டுத் தருவார்கள். பையைக் கொட்டினால் எந்த மருத்துவரும் ஒரு நிமிடம் கூடுதலாகப் பார்ப்பார். "எதை நிறுத்தலாம்" என்று கேட்காதீர்கள், அது அவருக்குச் சங்கடம். "அம்மா விழுந்துவிட்டார்கள், சர்க்கரை 52 இருந்தது, இதில் எந்த மாத்திரை அதற்குக் காரணமாக இருக்கலாம்" என்று கேளுங்கள். காலையில் கூட்டம் கூடுமுன் போக வேண்டாம். கடைசி ஆளாகப் போங்கள்.

இன்னொன்றையும் மறக்கிறோம். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து தன்னார்வலர் பெண் வீட்டுக்கே மாத்திரை கொண்டு வருகிறாள். வெளியில் வேறு மருத்துவர் மெட்ஃபார்மின் எழுதியது நீங்கள் சொல்லாமல் அவளுக்கு எப்படித் தெரியும்? அந்தத் தாளின் ஒரு நகலை அவளிடம் கொடுங்கள். தேவையில்லாத மாத்திரையை வாங்கி அடுக்கி வைப்பதும் ஆபத்துதான். நம் வீடுகளில் 'இலவசமா வந்தது, இருக்கட்டும்' என்ற எண்ணம் உண்டு.

பதில் 4: திண்ணை

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். என் தந்தையார் நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய அதிமதுரக் கஷாயத்தை இருமலுக்காகத் தினமும் குடிக்கிறார்; உப்புக்குப் பதில் சோடியம் குறைந்த உப்பையும் வாங்கி வைத்திருக்கிறார். இவற்றையும் அந்தத் தாளில் எழுத வேண்டுமா, அல்லது மாத்திரைகள் மட்டும் போதுமா?

முதியோர் நல மருத்துவர்

கட்டாயம் எழுத வேண்டும். அதிமதுரத்தை நாள்தோறும் தொடர்ந்தால் இரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். நீர்போக்கி மாத்திரையும் சேர்ந்தால் இன்னும் இறங்கும். சோடியம் குறைந்த உப்பில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருப்பதால் அது எதிர்த்திசையில் இழுக்கும். டெல்மிசார்டான் போன்றவற்றை உண்பவருக்குப் பொட்டாசியம் ஆபத்தான அளவுக்கு ஏறலாம். சளிக்குக் கடையில் கேட்டு வாங்கும் குளோர்பெனிரமின் மாத்திரையையும் எழுதுங்கள். புராஸ்டேட் வீக்கம் உள்ள முதியவருக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ள அது ஒன்றே போதும்.

மதுரை மருந்தாளுநர்

கூடுதலாக ஒரு தகவல். மருந்தால் தீங்கு நேர்ந்ததாகத் தோன்றினால் மருத்துவர் மட்டுமல்ல, நோயாளியும் குடும்பத்தாரும் இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் தெரிவிக்கலாம்; நோயாளிகளுக்கான படிவம் தமிழிலும் உண்டு. யார் மீதும் புகார் கொடுப்பதாக அதற்குப் பொருளில்லை.

குடமுருட்டிக்கரை (மூன்று வாரங்களுக்குப் பின்)

அனைவருக்கும் நன்றி. கூட்டு மாத்திரையின் பின்புறத்தைப் படித்தோம், மெட்ஃபார்மினும் கிளிபென்கிளமைடும்தான். அன்றே மருத்துவரிடம் பேசியதில், தமக்கு அரசு மாத்திரை பற்றித் தெரியாது என்று சொல்லி, கூட்டு மாத்திரையை உடனே நிறுத்தச் சொன்னார். இப்போது அரசு கொடுக்கும் மெட்ஃபார்மின் மட்டும்தான். வெறும் வயிற்றில் 130ஐ ஒட்டி வருகிறது, இந்த வயதுக்கு அது போதும் என்கிறார்.

செவிலியர் அம்மா சொன்னபடி மஞ்சப்பையுடன் ஒரு பொது மருத்துவரிடம் கடைசி ஆளாகப் போனோம். சோடியம் குறைந்து 128 இருந்தது. இதய மருத்துவரிடம் தாமே தொலைபேசியில் பேசிவிட்டு ஃபுரோசெமைடை நிறுத்தினார். பிரிகாபலின் இரவு ஒன்று மட்டுமாகக் குறைந்தது. எலும்பு மருத்துவர் வலி மாத்திரையை விட ஒப்பவில்லை. நான் மறுபடி எடுத்துச் சொன்ன பிறகு, பத்து நாள் பாரசிட்டமாலில் பார்த்துவிட்டு வரச் சொன்னார். அம்மாவுக்கு முழங்கால் வலி முன்னைவிடக் கொஞ்சம் கூடத்தான் இருக்கிறது. அதை மறைத்து எழுத எனக்கு மனமில்லை.

அல்பிரசோலத்தை மருத்துவர் சொன்ன அட்டவணைப்படி இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குறைத்து வருகிறோம். அப்பாதான் எதிர்ப்பு. அம்மா இரவில் புரண்டு படுத்தால் அவருக்குப் பொறுக்கவில்லை; ஒருநாள் ரகசியமாக முழு மாத்திரை கொடுத்திருக்கிறார். தாளில் அந்த நாளுக்கு எதிரே அவரே "1 கொடுத்தேன்" என்று எழுதி வைத்திருந்ததால்தான் எனக்குத் தெரிந்தது.

மருத்துவர் அம்மாவுக்கு உட்கார்ந்த நிலையில் இரத்த அழுத்தம் பார்த்தபோது 138/78, எழுந்து நின்ற மூன்றாவது நிமிடத்தில் 112/68. நிற்கும்போது இப்படி 20க்கு மேல் இறங்குவது நல்லதல்ல என்பதால் அழுத்த மாத்திரைகளை அடுத்த மாதம் மறுபடி பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். அதுவரை கட்டிலில் கால்களைத் தொங்கவிட்டு இரண்டு நிமிடம் உட்கார்ந்த பிறகே எழ வேண்டும் என்றிருக்கிறோம். கழிப்பறைக்குப் போகும் வழியில் ஒரு சிறிய விளக்கும் போட்டாயிற்று.

டப்பாவில் இப்போது, பாரசிட்டமாலையும் சேர்த்து, ஒன்பது வகைகள் இருக்கின்றன.